ஜெயபுரம் ஒரே உழவு இயந்திரத்தில் வந்த நாள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. இரண்டாயிரமாம் ஆண்டு, வவுனியாவில் ஒரு நிவாரண அலுவலகத்தின் அச்சுப்பொறியைத் திருத்தப் போயிருந்தேன்.

முதல் வரியாக ‘வெயில் முகாமின் கூரைகளில்’ என்று தொடங்கி...

வேண்டாம். வெயிலின் மீது எனக்குக் கோபமில்லை.

2

முதலில் ஒரு விளக்கம். நிவாரணம் பெறும் குடும்பங்களின் விபரங்கள் எல்லாம் அலுவலகத்தின் ஒரு பெரிய கணினியில் இருந்தன. அதோடு வயரால் இணைத்த நான்கு கணினிகளில் பதிவாளர்கள் வேலை செய்தார்கள். இணையம் கிடையாது, அவை தங்களுக்குள் வேறொரு மொழியில் பேசின. ஒருவர் ஒரு குடும்பத்தைத் திறந்தால், மற்றவர்கள் மாற்றாதபடி பெரிய கணினி அதைப் பூட்டும். அழகான ஏற்பாடு! (ஆனால் அருகருகே பதிந்த குடும்பங்களும் சேர்ந்தே பூட்டுப்படும். இதை மறவாதீர்கள்.)

பலர் ஒரே நேரத்தில் நெருக்கினால் தாங்குமா என்று பார்ப்பதுதான் சுமைச் சோதனை. நிரலைச் செய்த கொழும்பு நிறுவனத்தின் சோதனைக் கருவிக்கு இணைய மொழி மட்டுமே தெரியும். ஆகவே அவர்கள் கொழும்பில் மேலதிகாரிகள் பார்க்கும் இணைய அறிக்கைப் பக்கத்தைச் சோதித்துவிட்டு, வவுனியாவும் தாங்கும் என்று கையெழுத்து வைத்தார்கள். கையெழுத்து!

3

அன்று பதிவைப் புதுப்பிக்கக் கடைசி நாள். புதுப்பித்தவருக்கு அங்கேயே அடுத்த மாத அரிசி, மற்றவருக்கு இல்லை. இடம்பெயர்ந்தவர்கள் ஊராகத்தானே வருவார்கள்? ஜெயபுரத்தார் முகாமிலிருந்து ஒரே உழவு இயந்திரத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய பதிவுகளும் அருகருகேதான் இருந்தன.

“பொறுங்கோ அம்மா, உங்கட பேர் திறக்குதில்ல,” என்றாள் பதிவாளர் சிவரூபி.

“என் பேரு என்ன பெட்டியா, தெறக்குறதுக்கு?” என்றார் அழகம்மா. “மருமக புள்ளபெத்துக் கெடக்கு. வெறுங்கையோட போகவா?”

“அங்கால மற்றக் கணினியில உங்கட ஊர் மீனம்மாவின்ர பதிவு திறந்து கிடக்கு. அதாலதான்.”

“அவ பதிவுக்கும் என் அரிசிக்கும் என்னம்மா சம்பந்தம்?”

4

அந்தக் கொழும்பு நிறுவனத்திலிருந்து வந்திருந்த விஜிதரனைப் பிடித்தேன். (இவனைக் கெட்டவனாக எழுதப் பார்த்தேன். முடியவில்லை, வெறும் களைத்த பையன்.)

“நாலு பேரை இருத்தி, ஒரே ஊரை ஒரே நேரம் திறந்து பாத்தனீங்களோ?”

“அதுக்கு டூல் இல்ல அண்ணை.”

“நாலு கதிரை இருந்ததுதானே, தம்பி?”

அவன் தலையைச் சொறிந்தான். “ஆக்களோட கதைக்காமல் கெதியாப் பதியச் சொல்லுங்கோ. பிரச்சினை வராது.”

5

மீனம்மாவின் பதிவு ஏன் மூடவில்லை? அவருடைய கணவர் வேலை தேடி நாயாற்றுக்குப் போனவர், திரும்பவில்லை. “அவற்ர பேரைப் பதிவில இருந்து எடுக்கிறதோ, விடுறதோ?” என்று பதிவாளர் தர்சன் கேட்டிருந்தான். மீனம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தச் சோதனைக் கருவி இவ்வளவு நேரம் யோசிக்கும்?

நான் எழுதிய ஒரு முடிவில் பூட்டு தானாக விடுபட்டு அழகம்மா அரிசியோடு போனார். அதைக் கிழித்துவிட்டேன். இன்னொன்றில் அவர் வெறுங்கையோடு... இல்லை, அதையும் எழுத மாட்டேன்.

தர்சனின் கதிரையில் நீங்கள் இருங்கள். பதிலை நிரப்பாமல் மூடினால் நிரல் மீனம்மாவின் பதிவையே அழித்துவிடும், அவருக்கு அரிசி இல்லை. காத்திருந்தால் அழகம்மாவுக்கு அரிசி இல்லை. காவலாளி கதவடைக்க எழும்பிவிட்டார். மீனம்மா இப்போதுதான் வாயைத் திறக்கிறார்.