இரண்டு முறை உள்ளே

கிரிஜா முதுகுப்பையை மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டு எடை இயந்திரத்தில் ஏறி நின்றாள். பிறகு பையைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினாள். வித்தியாசம், விமானத்தில் கையோடு கொண்டுபோகக்கூடிய ஏழு கிலோவுக்குள் இருந்தது. நான் கண்டுபிடித்த முறைதான் அது. வைஜயந்திக்குச் சொல்லியிருந்தேன், அவள் இவளுக்குச் சொல்லியிருக்கிறாள்.

வைஜயந்தியும் நானும் கோவையில் ஒரே கல்லூரி. புனேயில் நான்கு வருடமாக ஒரே வீடு, லோஹேகாவில். போர் விமானங்கள் தலைக்கு மேலே போவதால் வாடகை குறைவு. பேச்சைப் பாதியில் நிறுத்தி, சத்தம் கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எங்களுக்குப் பழகிவிட்டது. நாங்கள் இருவரும் போட்ட பயணத் திட்டம் இது: ஹனோயில் இறங்கி, பேருந்தில் லாவோஸ், அங்கிருந்து கம்போடியா, கடைசியில் திரும்ப வியட்நாமுக்குள் நுழைந்து சைகோனிலிருந்து விமானம். பதினாறு நாள், மூன்று நாடு, ஆளுக்கு ஒரு பை. இருவருக்குமே முதல் வெளிநாடு. ஜனவரியிலிருந்து அதை, இருவரும் திறக்கக்கூடிய ஒரு ஆன்லைன் ஷீட்டில் எழுதி வந்தேன். ஆபீஸில் பின்னால் நிற்பவர்கள் படித்துவிடக்கூடாது என்பதற்காகத் தமிழில். ‘வை’ என்று ஒரு வரிசை, ‘கி’ என்று ஒரு வரிசை. கி என்றால் கிருஷ்ணப்ரியா. நான்.

செப்டம்பரில் என் லீவு ரத்தானது. சரி, பிப்ரவரியில் போகலாம் என்று வைஜயந்தி சொல்வாள் எனக் காத்திருந்தேன். நானாகக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் தோசை வார்த்துக்கொண்டே, "எங்க ஆபீஸ் கிரிஜா வர்றாளாமா. என்ற லீவையும் எதுக்குடி வீணாக்கறது?" என்றாள். "நல்லது" என்றேன். தோசை நன்றாக இருந்தது என்றும் சொன்னேன்.

தலைப்பைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கிரிஜாவும் கி. ஷீட்டிலிருந்து என்னை நீக்க யாருக்கும் தோன்றவில்லை. மதிய வேளைகளில் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் வரிசையில் இருந்த ‘முட்டைகூட வேண்டாம்’ ஒரு நாள் காணாமல் போனது. மறுநாள் ‘கீழ்ப் படுக்கை’. அழித்தது வைஜயந்திதான், விமானப்படைக் குடியிருப்பில் வளர்ந்த கிரிஜாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஓரத்தில் நான் எழுதியிருந்த குறிப்புகளை மட்டும் வைஜயந்தி தொடவில்லை. அவற்றை அவள் படித்ததே இல்லை. "நீ பாத்துக்குவ" என்பாள்.

கிரிஜா எடை பார்த்த அன்று வெள்ளிக்கிழமை. எனக்கு வீட்டிலிருந்தே வேலை. வைஜயந்தி மழைக்கோட்டு வாங்க கேம்ப் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். கிரிஜா டீயை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளை எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் இதில் கஷ்டம்.

"அக்கா, விசா ஃபார்ம் ரெண்டு பேருக்கும் நானே பர் தியா, எல்லாம் நிரப்பியாச்சு. சப்மிட் மட்டும் பாக்கி. உன் நோட்ஸ்ல க்யா லிக்கா ஹை, கொஞ்சம் படிச்சு சொல்லேன்."

அவள் நீட்டிய போனில், வியட்நாமுக்கு ‘ஒரு முறை நுழைவு’ என்ற கட்டத்தில் டிக் இருந்தது. கம்போடியாவிலிருந்து திரும்ப வியட்நாமுக்குள் விடமாட்டார்கள். சைகோனிலிருந்து விமானம் இவர்கள் இல்லாமல் புறப்படும். எல்லையில் ஏதோ ஒரு பெஞ்சில், பைகளை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். வைஜயந்தி அப்போது என்னைத்தான் கூப்பிடுவாள். "கிருஷ்ணா, இப்ப என்னடி பண்றது?" என்று கேட்பாள். அந்தக் குரல்கூடக் கேட்டது.

படிக்க ஆரம்பித்தேன். லாவோஸ் பேருந்தில் குளிரும், சாக்ஸ் வேண்டும். விடுதி அலமாரிக்குச் சொந்தப் பூட்டு.

"பூட்டுன்னா தாலா தானே?" கிரிஜா என் தமிழை இந்தி எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, நாக்கு நுனி உதட்டோரம் தெரிய. "அடுத்தது?"

அடுத்த வரி: நாம் இரண்டு முறை உள்ளே போகிறோம், விசா எடுக்கும்போது மறக்காதே.

நாம் என்று எழுதியிருந்தேன். போன வாரம் வைஜயந்தி என் முகத்தைப் பார்த்து, "நாங்க பதினெட்டாந்தேதி கெளம்பறோம்" என்றாள். எவ்வளவு சாதாரணமாக வந்தது அந்த ‘நாங்க’.

ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. கண்ணாடி முதலில், சத்தம் பிறகு. நடுவில் எவ்வளவு நேரம் என்பது நான்கு வருடத்தில் எனக்கு அத்துப்படி. அதற்குள் முழுவதையும் சொல்லி முடித்திருக்கலாம். நான் டீயை ஒரு வாய் குடித்தேன். அதன் பிறகுதான் அந்த வரியைப் படித்தேன். ஒரு சொல் விடாமல், நிறுத்தி, தெளிவாக. முதல் சொல்லுக்குப் பின் வானம் வீட்டின்மேல் இறங்கியது.

இந்தச் சத்தத்தில் வளர்ந்தவள் கிரிஜா. காதைப் பொத்தவில்லை. இரு என்பதுபோல் ஒரு கையை மட்டும் உயர்த்திக்கொண்டு, என் உதடுகளைப் பார்த்தபடி பொறுமையாகக் காத்திருந்தாள். இரண்டாவது விமானமும் போனது.

"நாம், அதுக்கு மேல கேக்கல." நோட்டில் அந்த ஒரு சொல் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாம்... பேரா? கிஸ்கா நாம், அக்கா? இங்க யாரோட பேர் எழுதணும்?"

டம்ளரில் டீயின் மேல் வளையங்கள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தன. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில், காகிதத்தைத் தொடாமல், அவள் பென்சில் நின்றிருந்தது.