வண்டிக்கு இரண்டு முழங்கை

கண்ணாடிக்காரர் தன் மனைவியோடு வண்டி உதிரிபாகக் கடைக்குக் கிளம்பியதே, போகிற காரியம் நடக்கக் கூடாது என்ற நினைப்போடுதான். அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "போலாமா?" என்று நல்ல பிள்ளையாகக் கேட்டார்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுப்பவர். லென்ஸ் நூலளவு பிசகினாலும் போட்டவருக்குத் தலைவலி வரும் என்பதால், எதையும் இரண்டு தடவை அளந்து பார்க்கிற சுபாவம் அவருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. மனைவிக்குப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, குளிர்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதற்காக ஆசை ஆசையாக ஒரு பைக் வாங்கியிருந்தாள். ஸ்கூட்டர் போதாதா என்று கேட்டவர்களிடம், "மேட்டுல ஏறும்போது அது மூச்சு வாங்குது. அதுக்கு நான் பைக்கே வாங்கிடலாம்ல?" என்பாள்.

மழை விட்டு வெயில் ஏறிய ஒரு காலையில், தெருத் திருப்பத்தில் மணல் சறுக்கி அந்த வண்டி சாய்ந்துவிட்டது. வேகம் ஒன்றும் பிரமாதமில்லை. கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டு முழங்கால் வீங்கியது, கணுக்கால் கன்றிப்போனது. எலும்புக்குச் சேதமில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவள் வண்டியைத் தொடவில்லை. பரிசோதனைக் கூடத்திலேயே கவுண்டரில் உட்கார்ந்து சீட்டு கொடுக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கண்ணாடிக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உடைந்த எஞ்சின் மூடியை மாற்றி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான், அதற்கு உறை போட்டு மூடியவரும் அவர்தான். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால், எந்த வீட்டு நாய் தன்னைப் பார்த்து வாலாட்டியது, எந்த வீட்டுப் பெரியவர் ஊசியைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார் என்று வரிசையாகச் சொல்கிறவள், இப்போது "என்ன விசேஷம்?" என்றால் "ஒண்ணுமில்லையே" என்றாள். அவருக்கு அது தெரியாமல் இல்லை. தெரியாத மாதிரி சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

திடீரென்று ஒருநாள், "சாஞ்சா அடிபடாம இருக்க வண்டிக்கு ஸ்லைடர் போடணுங்க" என்றாள். "ஞாயித்துக்கிழமை கடைக்குப் போவோம். அத்தானையும் வரச் சொல்லியிருக்கேன்."

அத்தான் என்றால் அவளுடைய அக்கா கணவர். கண்ணாடிக்காரருக்குச் சகலை. அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மேலும் கீழும் போகிற எல்லாவற்றைப் பற்றியும் அவருக்குக் கருத்து உண்டு. சாலையில் நேராகப் போவதைப் பற்றியும் உண்டு.

கடைக்குள் நுழைந்ததும் சகலை கல்லாவில் கையூன்றி ஆரம்பித்துவிட்டார். "நல்லா வளைச்ச இரும்புக் கம்பியா, முன்னாடி பெருசாப் போடுங்கம்மா. யானை இடிச்சாலும் தாங்கணும்."

கடைக்கார அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். "யானை இடிச்ச பிறகு வண்டியப் பத்தி யாருங்க கவலைப்படப் போறா? யார் ஓட்டுற வண்டி?"

"நான்தான்" என்றாள் மனைவி. "சந்து பொந்தெல்லாம் போகணும்."

"அப்ப அந்தக் கம்பி உங்களுக்குச் சரிப்படாது. அகலம் ஜாஸ்தி. நெரிசல்ல நுழைஞ்சா எங்கயாவது மாட்டும்." அவள் வண்டி என்ன மாடல் என்று கேட்டுக்கொண்டு, அலமாரியிலிருந்து சில அட்டைப்பெட்டிகளை எடுத்துப் பிரித்தாள். உள்ளே கைக்கு அடக்கமான உருளைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் நீளமான போல்ட். "ஸ்லைடர்னா இதுதான். எஞ்சினை ஃபிரேமோட சேர்த்துப் பிடிச்சிருக்கிற போல்ட்டைக் கழட்டிட்டு, அந்த எடத்துல இதை மாட்டணும். ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு. வண்டி சாஞ்சா முதல்ல இதுதான் தரையில படும். நாம விழும்போது முழங்கைய ஊனுறோம்ல, அது மாதிரி வண்டிக்கு ரெண்டு முழங்கை."

சகலை பளபளவென்று இருந்த நீளமான அலுமினிய உருளையை எடுத்து உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார். "இதுதான் கம்பீரமா இருக்கு."

"பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா உலோகம் தரையக் கவ்விப் பிடிக்கும். சறுக்கிட்டுப் போக வேண்டிய வண்டி குட்டிக்கரணம் போட்டுடும். நீளமும் ஜாஸ்தி. அடி விழுந்தா நெம்புகோல் மாதிரி ஃபிரேமையே வளைச்சிடும்." கட்டையான கறுப்பு நைலான் உருளையை முன்னால் நகர்த்தினாள். "இது தேயும், வழுக்கும். தேஞ்சா மாத்திக்கலாம். உங்க வண்டிக்கே செஞ்சது."

கண்ணாடிக்காரர் அதுவரை வாய் திறக்கவில்லை. காத்திருந்த கேள்வியை இப்போது எடுத்தார். "இதைப் போட்டா இவ காலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது சார். அப்படிச் சொல்லி விக்க மாட்டேன். இது வண்டியக் காப்பாத்த. ஆளுக்குன்னா நல்ல பூட்ஸ் வேணும், முட்டிக்கவசம் வேணும், நிதானம் வேணும்."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டியா?" குரலில் சந்தோஷம் எட்டிப் பார்த்ததை அவராலேயே மறைக்க முடியவில்லை.

"நான் வண்டிக்குத்தான் கேக்குறேன்" என்றாள் அவள்.

பிறகு, உருளையைக் கையில் திருப்பிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "அன்னிக்கு நொண்டிக்கிட்டாவது நான் லேபுக்குப் போயிருப்பேங்க. எஞ்சின் மூடி கல்லுல பட்டு உடைஞ்சு, எண்ணெய் பூரா ரோட்டுல ஊத்திருச்சு. வண்டிய எடுக்க முடியல. குளிர்பெட்டி வேற மூடி பிளந்து கெடக்கு. வேற வண்டி பிடிச்சுப் போய்ச் சேர்றதுக்குள்ள வெயில்ல எடுத்த ரத்தமெல்லாம் சூடாகி வீணாப்போச்சு. அதுல ஒண்ணு கைக்குழந்தையோடது. நரம்பே கெடைக்கல அதுக்கு. அது கத்த, அவங்க அம்மா அழ, எப்படியோ எடுத்தேன். மறுநாள் வேற ஆள் போய் மறுபடியும் குத்தியிருக்காங்க."

சகலை கையிலிருந்த அலுமினிய உருளையைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார்.

"விழுறதுக்கு எனக்குப் பயம் இல்ல. விழுந்தா எழுந்து போக முடியணும், அவ்வளவுதான்."

கண்ணாடிக்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தினமும் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறார், வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறார். வேறு எதையும் கேட்கவில்லை. அவள் பயந்துபோயிருக்கிறாள் என்று தானாகவே முடிவு செய்துகொண்டு, அந்தப் பயத்தைப் போர்த்திவைத்துப் பாதுகாத்தும் வந்திருக்கிறார்.

அவர் நைலான் உருளையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். போல்ட்டின் மரையில் விரலை ஓட்டினார். "வாஷர் தனியா வருமா, இதோடயேவா? போல்ட் தானா இளகாம இருக்க ஏதாவது பசை போடணுமா?" என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார். கடைக்கார அம்மாள் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்து, கடைசியில் செய்முறைத் தாளை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

மத்தியானம் குடியிருப்பின் கீழே, வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் உறையைக் கழற்றினார்கள். சகலை தன் கருவிப்பெட்டியைத் திறந்து பரப்பிவிட்டு, ஸ்பேனரோடு குத்தவைத்து உட்கார்ந்தார். "ரெண்டு பக்க போல்ட்டையும் ஒரேயடியாக் கழட்டிடுவோம். வேலை சட்டுனு முடியும்."

"கொஞ்சம் இருங்க, சகலை" என்றார் கண்ணாடிக்காரர். தாளை அதற்குள் இரண்டு தடவை படித்து முடித்திருந்தார். "எஞ்சினைத் தாங்கிட்டு இருக்கிறதே அந்த போல்ட்டுதான். ரெண்டையும் எடுத்தா அது கீழ தொங்கிரும். அடியில ஜாக்கி வைப்போம். ஒரு பக்கம் முடிச்சுட்டுத்தான் அடுத்த பக்கம்."

"லிஃப்டையே தொங்க விட்டு வேலை பாக்குறவன் நான்."

"லிஃப்டுக்குக் கயிறு இருக்கு அத்தான்" என்றாள் மனைவி.

சகலை சிரித்துவிட்டார். தானே போய்த் தன் காரிலிருந்து ஜாக்கியை எடுத்துவந்தார். எஞ்சினுக்கும் ஜாக்கிக்கும் நடுவே ஒரு மரத்துண்டை வைத்து, லேசாகத் தாங்கும்வரை உயர்த்தினார்கள். பழைய போல்ட் முரண்டு பிடித்தது. சகலை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு அழுத்து அழுத்த, முனகிக்கொண்டே இளகியது. அந்த முனகல் போல்ட்டுடையதா சகலையுடையதா என்று மனைவி கேட்டாள்.

புது போல்ட் உள்ளே போகவில்லை. பாதியில் முட்டிக்கொண்டு நின்றது. சகலை சுத்தியலைத் தேடினார்.

"வேணாம் வேணாம்." கண்ணாடிக்காரர் தரையில் படுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளைக்குள் பார்த்தார். எஞ்சின் ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. ஃபிரேமின் வட்டத்துக்குள் எஞ்சினின் வட்டம் தேய்பிறை மாதிரி மறைந்து தெரிந்தது. "ஜாக்கிய ஒரு துளி ஏத்துங்க. இன்னும் துளி. ம்... போதும்." போல்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மனைவி மரையில் பசையைத் தொட்டுவைத்திருந்தாள். குறித்த அளவு இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கிற ஸ்பேனர் சகலையிடம் இருந்தது. அதைப் பிடித்து இறுக்கியவள் அவள்தான்.

அடுத்த பக்கமும் முடிந்தபின், அவள் தள்ளி நின்று பார்த்தாள். எஞ்சினின் இரு புறமும் உருளைகள் கறுப்பாக, அடக்கமாக நீட்டிக்கொண்டிருந்தன.

"இப்ப இதைச் சாச்சுப் பாக்கணும்" என்றாள்.

"புது சாமான்" என்று இழுத்தார் சகலை. "கீறல் விழுமே."

"விழுறதுக்குத்தானே வாங்கினோம்?"

மூன்று பேருமாகப் பிடித்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல மெதுவாக இடது பக்கம் சாய்த்தார்கள். நைலான் உருளை சிமெண்டுத் தரையைத் தொட்டது. கைப்பிடி நுனியும் தொட்டது. எஞ்சின் மூடி தரைக்குமேல் அந்தரத்தில் நின்றது. நடுவே ஒரு இடைவெளி.

மனைவி அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை தன்னையறியாமல் முழங்காலைத் தடவியது. பயமில்லை என்று கடையில் சொன்னது முக்கால்வாசிதான் நிஜம் என்பது கண்ணாடிக்காரருக்கு அப்போது புரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, உடுப்பு அழுக்காகுமே என்று யோசிக்காமல் தரையில் உட்கார்ந்து, தன் காலை அந்த இடைவெளிக்குள் நுழைத்தார்.

"என்னங்க பண்றீங்க? எழுந்திருங்க. பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?"

"மெக்கானிக்குனு நெனைப்பாங்க. சகலை, வண்டிய ஆடாமப் பிடிங்க." காலை இப்படியும் அப்படியும் திருப்பினார். கெண்டைக்கால் உரசியது, நெருக்கவில்லை. மெல்ல உருவி வெளியே எடுத்தார். "அந்த அம்மா சொன்னது சரி, இதை நம்பிக் கால விட முடியாது. ஓடுற வண்டி வேற, படுத்திருக்கிற வண்டி வேற. பூட்ஸ் கட்டாயம் வாங்குறோம். ஆனா அன்னிக்கு மாதிரி அப்படியே அமுக்காது. மூடியும் உடையாது."

அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு, "தள்ளுங்க, ரெண்டு பேரும்" என்றாள். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து, ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் பின்கம்பியையும் பற்றி, கால்களை ஊன்றி எழுந்தாள். வண்டி கொஞ்சம் எழும்பி மறுபடி உருளைமேல் உட்கார்ந்தது. சகலை கை நீட்டினார்; கண்ணாடிக்காரர் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். அடுத்த முறை சின்னச் சின்ன அடியாகப் பின்னால் வைத்து, மூச்சை அடக்கி, முழுசாக நிமிர்த்திவிட்டாள். வேர்த்து விறுவிறுத்து நின்றவளின் முகம் பளிச்சென்றிருந்தது.

"நாளைக்கே மேனேஜர்கிட்ட சொல்லிடுறேன். கவுண்டர்ல உக்காந்து உக்காந்து எனக்கு வயசாகுது."

"சொல்லு" என்றார் கண்ணாடிக்காரர். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது.

அவள் சாவியைப் போட்டு முடுக்கினாள். நெடுநாள் நின்ற வண்டி இருமிவிட்டுக் கிளம்பியது. "ஏறுங்க, ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

அவர் பின்னால் ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அவள் தோளைக் கெட்டியாகப் பிடித்தார்.

"தோளை விடுங்க. அப்புறம் நான் எப்படித் திருப்புறது?"

கையை எடுத்துப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார். வண்டி வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது. முதல் திருப்பத்தில் அவள் சாய்ந்தபோது, விறைத்து நிமிரப் பார்த்த உடம்பைத் தளர்த்தி, அவரும் அவளோடு சேர்ந்து சாய்ந்தார்.