திரும்ப வாங்கிய ஓட்டு

சீ! எத்தனை முறை வாய் கொப்பளித்தாலும் அந்த ஏலக்காய் பன்னின் ருசி குன்வோருக்கு நாக்கை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பன் மேல் குற்றமில்லை. கொடுத்த கை அப்படிப்பட்ட கை.

கை யான்னேயுடையது. ஹெடவிக் ஊர் மன்றத் தேர்தலில் ஊர் நலக் கட்சியின் முதல் வேட்பாளர் அவன்தான். போன வாரம் முதியோர் இல்லத்து வாசலில் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, நடக்க முடிந்தவர்களையும் முடியாதவர்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போனான். தேர்தல் நாள் வரிசையில் எதற்குக் கால் கடுக்க நிற்க வேண்டும், முன்கூட்டியே போட்டுவிடலாமே என்று அக்கறை. அங்கே கட்சிக்கொரு சீட்டு; வேண்டியதை எடுத்துக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தால் ஓட்டு. போட்டு முடித்ததும் ஆளுக்கொரு பன், சுடச்சுடக் காப்பி.

"நான் இருக்கற வரைக்கும் இந்த இல்லத்தை எவனும் மூட முடியாது" என்றான். சொல்லும்போது அவனுக்குக் கண்கூடக் கலங்கியது. அன்றைக்கு இல்லத்துக்கு வந்திருந்த குன்வோரும் வேனில் ஏறிப் போய்ப் போட்டாள். இல்லத்திலேயே இருக்கும் அவள் கணவன் ஹில்டிங்கும் போட்டான்.

ஹில்டிங்குக்குக் காலையில் நடந்தது மத்தியானம் நினைவில் நிற்காது. ஆனால் சாயங்காலம் குன்வோர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் கையைப் பிடித்துக்கொள்ள மட்டும் மறக்கமாட்டான். இல்லத்தை மூடினால் அவனைத் தூரத்து நகரத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். குன்வோருக்குக் கண் மங்கி, கார் ஓட்டுவதை விட்டாயிற்று. பனிக்காலத்தில் பஸ்ஸையும் நம்ப முடியாது. அதன் பிறகு அந்தக் கையைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

வியாழக்கிழமை கடையில் ரொட்டி அலமாரிக்கு இந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் யான்னேயின் குரல் கேட்டது. கூட நின்றவர் எதிர்க்கட்சி ரோலண்ட்.

"இல்லம் கிறிஸ்துமஸைத் தாண்டாது. மூடறதுக்கு நானும் உங்களோட கை தூக்கறேன். தலைவர் நாற்காலி மட்டும் எனக்கு."

"கிழடுங்க சும்மா இருக்குமா?"

"அதுங்கல்லாம் போட்டுக் கவரை ஒட்டியாச்சுப்பா. இனிமே தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதுங்க! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற பயல். குன்வோர் கூடையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

முன்கூட்டியே போட்டவர்கள் மனசு மாறினால், தேர்தலன்று சொந்தச் சாவடிக்கு வந்து மறுபடி போடலாம். பழையது செல்லாது. சட்டம் இருக்கிறது, ஆனால் ஹெடவிக்கில் யாரும் அதைச் செய்ததில்லை. ஊர் முன்னால் போய் நின்று, நான் ஏமாந்துவிட்டேன் என்று எவள் சொல்வாள்? அந்த வெட்கத்தை நம்பித்தான் யான்னே சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஹில்டிங்கைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துச் சாவடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். வழியெல்லாம் விஷயத்தைச் சொன்னாள்.

"உன்னை இங்கேருந்து கிளப்பப் பாக்கறான் அந்த யான்னே. மூணாவதா ஒரு டீச்சரம்மா நிக்கறாங்கல்ல, அவங்க கட்சிச் சீட்டை எடு. அவங்க ஜெயிக்கமாட்டாங்க, ஆனா பொய் சொல்லலை."

"அடப்பாவி! அப்படியா பண்ணான்?" ஹில்டிங்குக்கு முகம் சிவந்தது. "சீட்டைக் கொடு, இப்பவே போடறேன்."

வாசலில் யான்னே தன் கட்சிச் சீட்டுகளோடு நின்றான். பக்கத்து மேஜையில் பன் தட்டு.

"என்ன குன்வோர், நீங்கதான் அன்னிக்கே போட்டுட்டீங்களே?"

"போட்டதைத் திரும்ப வாங்க வந்தேன்."

வரிசையே திரும்பிப் பார்த்தது.

"யாரோ உங்ககிட்ட தப்பா..."

"ரொட்டி அலமாரி சொல்லிச்சு. 'அதுங்க'ன்னியே, அதுங்கள்ல ஒண்ணு நான். த்தூ!"

யான்னேயின் காது மடல் சிவந்தது. ஆனால் அவன் என்ன சாமான்யனா? சட்டென்று நாற்காலி முன்னால் மண்டியிட்டான்.

"கோச்! என்னைத் தெரியுதா?"

ஊர்ப் பையன்களுக்கு ஐஸ் ஹாக்கி சொல்லிக்கொடுத்தவன் ஹில்டிங். அவன் முகத்தில் விளக்கு ஏற்றியதுபோல் ஆயிற்று. "டேய், எங்க கோல்கீப்பர்!"

சீட்டு ஒரு கைக்குப் போனது. பன் இன்னொரு கைக்கு. குன்வோர் நாற்காலியை வெடுக்கென்று உள்ளே தள்ளினாள்.

உள்ளே ஓட்டுப்பெட்டி மேஜையில் இருந்த தேர்தல் அலுவலர் பிர்கித்தா குரலைத் தாழ்த்தி, "உங்க பழைய கவர் ரெண்டையும் சாயங்காலம் ஒதுக்கிடுவோம், கவலைப்படாதீங்க" என்றாள். குன்வோர் மறைப்புக்குப் பின்னால் போய்த் தன்னுடையதைப் போட்டாள். ஏதோ குளித்துவிட்டு வந்தது மாதிரி இருந்தது.

ஹில்டிங் முறை வந்தது.

"நானும் கூட வரட்டுமா?"

"எதுக்கு? என் ஓட்டு, நான் போடறேன்."

அவன் வேண்டாம் என்றால் அவள் போக முடியாது. அவன் மடியில் யான்னேயின் சீட்டு கிடந்தது. பிடுங்கியிருக்கலாம். பிடுங்கினால் தனக்கும் அந்த வேன்காரனுக்கும் என்ன வித்தியாசம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்ததும் ஹில்டிங் அவளைக் குனியச் சொல்லி ரகசியமாகச் சொன்னான்.

"நம்ம பையனுக்கே போட்டேன். கோல்ல அவன் நிக்கற வரைக்கும் ஒண்ணும் உள்ள வராது. என்னை யாரும் எங்கயும் அனுப்பமாட்டாங்க, பாரு."

வாசலில் யான்னே கைகாட்டினான். ஹில்டிங்கும் பதிலுக்குக் காட்டினான். பிறகு பன்னைப் பிட்டுப் பெரிய பாதியை அவளிடம் நீட்டினான்.

"சாப்பிடு. நல்லா இருக்கு."

வாங்கி வாயில் போட்டாள். துப்பத் தோன்றியது. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். விழுங்கினாள்.