குட்டியின் கல்

மகள் குட்டியின் கல்லறைக்குப் போகும்போது அண்ணி யாரையும் துணைக்குக் கூப்பிடுவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முழங்கால் வலி அதிகமாக இருந்ததால் கல்லைக் கழுவும் தண்ணீர் வாளியைத் தூக்க நாத்தனாரை அழைத்தாள்.

நாத்தனாருக்குக் கட்டடக் கற்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. லேசில் வாய் திறக்கமாட்டாள். திறந்தால் கல்லைப் பற்றித்தான் பேசுவாள். கல்யாணமாகி வந்த புதிதிலேயே அண்ணி அவளுக்குக் கல்லுளிமங்கி என்று பட்டம் கட்டிவிட்டாள். ஊரெல்லாம் நாத்தனாரும் அண்ணியும் கீரியும் பாம்புமாக இருக்க, இவர்கள் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். குட்டி ஏழு வயதில், ஒரு வாரக் காய்ச்சலில் போன பிறகு அந்த வீட்டில் கேலிப் பேச்சு நின்றுபோயிருந்தது.

கல் வாங்கும்போது நாத்தனார் கருங்கல்லைத்தான் சொன்னாள். பேருந்து ஓட்டும் அண்ணன் கேட்கவில்லை. "குழந்தைக்குப் போய்க் கறுப்பா வைக்கிறது? வெள்ளையா இருக்கட்டும்மா" என்று பளிங்கை எடுத்துவந்தார்.

அண்ணி ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு புட்டியைத் திறந்தாள். குளியலறைத் தரை கழுவும் ஆசிட். கல்லின் மேல் ஊற்றியதும் புஸ்ஸென்று நுரை எழுந்தது.

"பாரு, அழுக்கு எப்படிப் பொங்கி வருதுன்னு. வாராவாரம் கழுவியும் இவ்வளவு அழுக்கு."

நாத்தனார் வாளியை இறக்கி வைத்தாள். குனிந்து, நுரை படாத ஓரத்தில் கல்லைத் தடவினாள். பளபளப்பாக இருந்த முகம் சர்க்கரை போல் நறநறத்தது. விரலில் வெள்ளைத் துகள் ஒட்டியது. பெயரின் முதல் எழுத்து பாதிதான் இருந்தது. கடைசி எழுத்து, தெரிந்தவர்கள் மட்டுமே படிக்கக்கூடிய ஒரு குழிவு.

"அண்ணி, அதைக் கீழ வைங்க."

"ஏன்?"

"பொங்குறது அழுக்கு இல்ல. கல்லு."

அண்ணிக்குப் புரியவில்லை. நாத்தனார் வாளித் தண்ணீரைக் கல்லின் மேல் கொட்டி ஆசிட்டைக் கழுவிவிட்டாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். பளிங்குக்குப் புளிப்பு ஆகாது. ஆசிட் பட்டால் அது கரைந்து நுரையாகிப் போய்விடும்.

அண்ணி கையுறையைக் கழற்றினாள். "அப்போ அவ பேரை நான்தான் அழிச்சேனா?"

"மழையும்தான் அண்ணி. காத்துல இருக்கிற கரியமில வாயு மழைத்தண்ணியில கலந்தா அதுவும் லேசான புளிப்புதான். நீங்க தொடாம இருந்தாலும் கரையும். ஆனா மெதுவா. நம்ம காலத்துக்குத் தாங்கும்."

"அதுக்கப்புறம்?"

நாத்தனாருக்குப் பொய் சொல்லப் பழக்கமில்லை. "அதுக்கப்புறம் அவளைப் பார்த்தவங்க யாரும் இருக்கமாட்டாங்க அண்ணி."

அண்ணி அழவில்லை. "எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு படிச்சோம். நான் எறும்பா? வண்டி வண்டியா ஆசிட்டைக் கொண்டாந்து ஊத்தியிருக்கேன்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து அவள் கல்லறைக்குப் போகவில்லை. தலை வாருவதில்லை, அடுப்பில் வைத்ததை மறந்துவிடுவாள். ஞாயிறு வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒருநாள் அண்ணன் தங்கையை மாடிப்படிக்குக் கூட்டிப்போய்க் கேட்டார்.

"கல்லு கரைஞ்சா கரைஞ்சிட்டுப் போகுது. அவளுக்குன்னு இருந்தது அந்த ஒரு வேலைதான். அதையும் பிடுங்கிட்டியேம்மா."

"பார்த்துட்டு எப்படிண்ணா சும்மா இருக்கிறது?"

"எனக்கும் தெரியல." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் டூட்டிக்குப் போனார்.

நாத்தனார் கல்லில் எழுத்து வெட்டுபவரைக் கூட்டிப்போய்க் காட்டினாள். அவர் உளியை வைத்து ஓரமாக ஒரு தட்டுத் தட்டினார். கல் பொரிந்து உதிர்ந்தது. "இதுல மறுபடி வெட்டினா இருக்கிறதும் கொட்டிடும்மா. வேற கல்லு வெச்சிடுங்க."

அண்ணியிடம் சொன்னபோது ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். "வேண்டாம்." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "அவளுக்குன்னு வெச்சது அதுதான்" என்றாள்.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில், ஒரு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. ஆய்வுக்கூடத்திலிருந்து சீக்கிரமே வீடு திரும்பிய நாத்தனார் அண்ணியைத் தேடினாள். செருப்பு வாசலில் கிடந்தது, ஆள் இல்லை. எங்கே போயிருப்பாள் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் வேறு யாரும் இல்லை. அண்ணி வெறுங்காலோடு சேற்றில் மண்டியிட்டிருந்தாள். குடை கல்லுக்கு மேல் விரிந்திருந்தது; அவள் முதுகு நனைந்து ரவிக்கை ஒட்டிக்கிடந்தது. மழை மேலிருந்து மட்டும் வரவில்லை. காற்று சாரலைக் கல்லின் மேல் வீசியது. மண்ணின் ஈரம் கல்லின் அடியில் ஊறி ஏறிக்கொண்டிருந்தது. அதெல்லாம் நாத்தனாருக்குத் தெரியும். அவள் தன் குடையோடு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள்.

தன் குடையையும் கல்லின் மேல் பிடித்தாள்.

"உனக்குக் கல்லைப் பத்தி எல்லாம் தெரியும்" என்றாள் அண்ணி. "இது பிரயோஜனமில்லைன்னும் தெரியுமில்ல?"

"தெரியும் அண்ணி."

"எனக்கும் தெரியுது." அண்ணி புறங்கையால் கண்ணில் வழிந்ததைத் தள்ளினாள். "கொஞ்சம் அந்தப் பக்கமாப் பிடி. சாரல் அடிக்குது."