கதவில் விழுந்த குத்து

தச்சர், மேல் கீலின் திருகாணியைக் கழற்றத் தொடங்கும்போதே, படுக்கையறைக் கதவைத் தாங்கிப் பிடித்திருந்த வீட்டுக்காரம்மாவின் கொழுந்தன் கதையை ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணனுக்கு வீட்டுலயும் பிராக்டீஸ்தான் சார். ஒரே குத்து. பலகை பொத்துக்கிட்டு கை அந்தப் பக்கம் வந்துடுச்சு!"

அந்த அண்ணனுக்காக அமையும் நினைவுக்கூடத்தின் செயலாளர் கதவிலிருந்த ஓட்டைக்குள் தன் கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டு வரை போயிற்று. "அடேங்கப்பா! கோப்பையை விடுங்க, இதைப் பாக்கத்தான் கூட்டம் அலைமோதும்."

மூன்று முறை சாம்பியன் பட்டம் வென்ற குத்துச்சண்டை வீரர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கோப்பை, கையுறை, பெல்ட், படங்கள் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. கதவு ஒன்றுதான் பாக்கி. அவருடைய மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

'பிராக்டீஸ்' என்ற சொல் அவளுக்குப் புதிதல்ல. இந்த வீட்டில் பாத்திரம் உருண்டால், அவள் முதுகு சுவரில் மோதினால், "சாம்பியன் பிராக்டீஸ் பண்றாரு" என்று தெருவில் யாராவது சொல்வார்கள். நாலு பேர் சிரிப்பார்கள். எதிர்வீட்டு ரேடியோவின் சத்தம் கொஞ்சம் கூடும். முதன்முதலில் அப்படிச் சொன்னது இந்தக் கொழுந்தன்தான். இருபது வருடம் இதே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர். மறுநாள் வந்து, "அண்ணன் முன்கோபி. நீங்கதான் அனுசரிச்சுப் போகணும் அண்ணி" என்று டீ குடித்துவிட்டுப் போவார்.

அவளும் அனுசரித்தாள். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் அந்தக் கைகளுக்கு விரல் விரலாகத் துணிக்கட்டுச் சுற்றிவிட்டாள். ஊரே அவரைத் தோளில் தூக்கிவந்த நாளில், வீங்கிய கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வாசற்கதவைத் திறந்தாள். தலையில் வாங்கிய அடிகளின் பலனாகக் கடைசி ஆறு வருடம் அவர் கைகள் நடுங்கின. சட்டைப் பொத்தானைக்கூட அவள்தான் போட்டுவிட்டாள். அப்போது எந்தக் கூட்டமும் வீடு தேடி வரவில்லை.

செயலாளர் ஒரு தாளை நீட்டினார். "ஒரே ஒரு கையெழுத்தும்மா. 'பொருளின் விவரம்'ங்கிற இடத்துல 'வீட்டுப் பயிற்சி'ன்னு நானே எழுதிக்கிறேன். அதையேதான் அட்டையில அடிச்சுக் கதவுக்குக் கீழ வைப்போம்."

"இருங்க. நானே எழுதுறேன்."

"உங்களுக்கு எதுக்கு அண்ணி சிரமம்? கையெழுத்து மட்டும் போட்டா..."

"எனக்கு எழுதத் தெரியும் தம்பி."

தாளைச் சுவரில் வைத்து எழுதினாள். வாங்கிய செயலாளர் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். போகப் போகக் குரல் தேய்ந்தது.

'அன்று என்னை அடிக்க வந்தார். நான் விலகினேன். கை கதவில் பட்டது.'

தச்சரின் திருப்புளி நின்றது. அவர் ஓட்டையைப் பார்த்தார். பிறகு அவள் முகம் இருந்த உயரத்தைப் பார்த்தார்.

"செத்துப்போன மனுஷன் மானத்த இப்படியா வாங்குறது?" கொழுந்தன் பல்லைக் கடித்தார். "எந்த வீட்டுல இல்லாதது இங்க நடந்துடுச்சு?"

"அப்ப எல்லா வீட்டுக் கதவையும் கழட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

செயலாளர் செருமினார். "பள்ளிக்கூடப் பிள்ளைங்க வர்ற எடம்மா. இதப்போய் எப்படி வைக்கிறது?"

"பிள்ளைங்களுக்குப் பொய்ய மட்டும் வைக்கலாமா சார்? நான் எழுதுனத வைக்க முடிஞ்சா கதவைக் கொண்டுபோங்க. இல்லைன்னா அது இங்கேயே இருக்கட்டும்."

செயலாளர் தாளை இரண்டாக மடித்தார். கிழிக்க மனம் வரவில்லை, பையில் வைக்கவும் துணிவில்லை. முக்காலி மேல் வைத்துவிட்டு, வண்டியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனவர் திரும்பவில்லை.

தச்சர் யாரையும் கேட்காமல் திருகாணியை மறுபடி முடுக்கத் தொடங்கினார்.

கொழுந்தன் வாசல் வரை போய் நின்றார். "கதவு ஏன் வரலைன்னு நாளைக்கு நாலு பேர் கேட்டா, நான் என்னத்தச் சொல்றது?"

"இருபது வருஷமா சொன்னதையே சொல்லுங்க," என்றாள். "அது பொய்னு நான் சொல்லிக்கிறேன்."