எல்லா வரியும் அவர் பெயரில்

எங்கள் மேனேஜருக்கு ஆபீஸில் வைத்திருக்கும் பெயர் ‘ரெக்கார்டு’. யார் என்ன நியாயம் கேட்டாலும், "நான் எதுக்குப் பேசணும், ரெக்கார்டு பேசும்" என்பார். அப்படி ஒருநாள் ரெக்கார்டைப் பேசவிட்டுத்தான் என் அக்காவை வெளியே அனுப்பினார்.

அக்கா என்றால் பெரியப்பா மகள். ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோம். இப்போதும் ஒரே அறையில்தான் இருக்கிறோம். இனிஷியல் வேறு என்பதால் நான் அதே ஆபீஸில் போய்ச் சேர்ந்தபோது ரெக்கார்டுக்குப் பொறி தட்டவில்லை. வேலை பிடித்து நான் அங்கே போகவில்லை. அந்த ஆளின் மூக்கை உடைக்கப் போனேன். எப்படி என்று மட்டும் அப்போது தெரியாது.

மருத்துவமனைகளின் ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை. ரத்தத்தில் பொட்டாசியம் எல்லை மீறினால் நர்ஸின் திரையில் சிவப்பாக எச்சரிக்கை வர வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெரியவருக்கு அது வரவில்லை. எல்லை 6.5 என்று இருக்க வேண்டிய வரியில் 65 என்று இருந்தது. பெரியவர் பதினோரு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து, பிழைத்தார். யார் எழுதிய வரி என்று தேடினார்கள். எங்கள் தொழிலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலேயே அதைக் கடைசியாக மாற்றியவர் பெயரைக் காட்டும் வசதி உண்டு. அந்த வரிக்குப் பக்கத்தில் அக்கா பெயர் இருந்தது.

அவள் மறுக்கவே இல்லை. "எழுதின ஞாபகம் இல்லடி. ஆனா என் பேருதானே இருக்கு" என்றாள். அன்றோடு கம்ப்யூட்டரைத் தொடுவதை விட்டாள். செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, வருகிறவர்களின் காலுக்கு அளவு பார்த்துக் கொடுக்கிறாள். காலையில் பேப்பர் வந்தால் முதலில் மரண அறிவிப்புப் பக்கம்தான். அந்தப் பெரியவர் பெயர் இல்லை என்று பார்த்த பிறகுதான் பல் துலக்கப் போவாள்.

நான் சேர்ந்த இரண்டாவது வாரம் ரெக்கார்டு என்னைக் கூப்பிட்டார். நிரல் எழுதத் தன் கம்ப்யூட்டரில் புது எடிட்டர் போட்டிருந்தார். அதில் சேமித்த ஃபைல் சர்வரில் ஓடாமல் மக்கர் செய்தது.

"லைன் எண்டிங் மாறியிருக்கும்மா. செட்டிங்கை எங்க ஒளிச்சு வச்சிருக்கானுங்கன்னு தெரியல. கண்டுபிடிச்சு மாத்து. இல்லேன்னா ரெக்கார்டுல எல்லா வரியும் என் பேர்ல வந்து நிக்கும்" என்றார்.

எனக்கு அக்காவின் ஃபைல்தான் ஞாபகம் வந்தது. விஷயம் இதுதான். ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று இருக்கிறது. சில கம்ப்யூட்டர்கள் ஒரு குறி வைக்கும், சில இரண்டு வைக்கும். எடிட்டரின் கீழ்மூலையில் பொடி எழுத்தில் அதற்கான செட்டிங் இருக்கும். யாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அது தப்பாக இருந்தால், நீங்கள் ஒரே ஒரு வார்த்தையை மாற்றிச் சேமித்தாலும் எல்லா வரியின் முடிவும் மாறிவிடும். எல்லா வரியையும் நீங்கள்தான் எழுதினீர்கள் என்று பதிவேடும் சாதிக்கும். வீட்டைப் பெருக்கினவளை வீடு கட்டினவள் என்று எழுதிவைக்கிற மாதிரி.

அவருடைய செட்டிங்கைச் சரிசெய்து கொடுத்துவிட்டு என் இடத்துக்கு வந்து, திருத்துவதற்கு முந்தைய அந்தப் பொட்டாசியம் ஃபைலைத் திறந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு வரி. முந்நூற்றுப் பன்னிரண்டும் அக்கா பெயரில், ஒரே தேதியில், ஒரே நிமிடத்தில். வரி முடிவைக் கணக்கில் எடுக்காமல் காட்டு என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்தேன். அக்காவுக்கு மிஞ்சியது ஒரு வரி: தலைப்பில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியிருந்தாள். 65 என்ற வரிக்குப் பக்கத்தில் ரெக்கார்டின் பெயர் இருந்தது. தேதி, அக்கா அந்த ஆபீஸில் கால் வைப்பதற்கு ஐந்து மாதம் முன்பு.

அன்றைக்கே அவர் மேஜையில் போய்ப் போட்டு உடைத்திருக்கலாம். உடைத்தால் என்ன சொல்வார்? "அடடா, கவனிக்கலையேம்மா" என்பார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுவார், அவ்வளவுதான். எனக்கு அது போதாது. தெரிந்தேதான் செய்தேன் என்று அந்த வாய் சொல்ல வேண்டும், நாலு பேர் கேட்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை மருத்துவமனைகள் சார்பில் ஆய்வுக்கு ஆள் வருவார்கள். அதற்கு எட்டு மாதம் இருந்தது. காத்திருந்தேன். அக்காவிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால், போனது போகட்டும் விடுடி என்று என் காலைக் கட்டுவாள்.

எட்டு மாதமும் அவருக்கு அடக்க ஒடுக்கமாக ‘சார்’ போட்டேன். ஆய்வுக்கு முந்தைய வாரம் அவருக்குப் புது லேப்டாப் வந்தது. "வழக்கம்போல நீயே செட் பண்ணிடும்மா" என்றார். பண்ணினேன். கீழ்மூலையை மட்டும் தப்பாக விட்டேன். அடுத்து, எந்த வரி முடிவு இருந்தாலும் தகராறு செய்யாமல் ஓடுகிற ரக ஃபைல் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். பிப்ரவரி இருபத்தொன்பதில் பிறந்தவர்களின் வயதை அது அச்சிடாமல் விட்டுவிடும். எந்தக் காலத்திலோ யாரோ செய்த பிழை, யார் உயிருக்கும் ஆபத்தில்லை. ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்க்கும் குறைகள் பட்டியலில் அதைச் சேர்த்தேன்.

"சார், ஆய்வுக்கு வர்ற டாக்டரம்மா கேட்ட தலைப்பு மாத்தம் இந்த ஃபைல்லதான் இருக்கு. நீங்களே கைப்பட மாத்தினா நல்லா இருக்கும்" என்றேன். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு வார்த்தையை மாற்றிச் சேமித்தார்.

ஆய்வுக்கு வந்த டாக்டரம்மா கறார் பேர்வழி. பெரிய திரையில் ஃபைலைத் திறக்கச் சொல்லி, பிழையான வரியைக் காட்டி, "இதை எழுதினது யாரு?" என்று கேட்டார். நான்தான் பெயர்களை வரவழைத்தேன். மேலிருந்து கீழ்வரை ரெக்கார்டு, ரெக்கார்டு, ரெக்கார்டு.

"இது நான் எழுதினதில்ல" என்றார்.

"உங்க பேர்தானே இருக்கு?"

"மேடம், நான் மாத்தினது ஒரே ஒரு வார்த்தை."

"ரெக்கார்டு அப்படிப் பேசலையே சார்" என்றேன் நான், பச்சைப்பிள்ளை மாதிரி.

என்னைத் தள்ளாத குறையாக விலக்கிவிட்டுக் கீபோர்டைப் பிடுங்கினார். "இது லைன் எண்டிங் தகராறு மேடம். எடிட்டர் எல்லா வரியையும் மாத்திடும். பேரை மட்டும் பார்த்து யாரையும் குத்தம் சொல்லக் கூடாது. இந்தத் துறையில இருக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் இது. இதோ பாருங்க" என்று கட்டளையைத் தானே அடித்தார். பெயர்கள் மாறின. வெற்றியோடு திரும்பினார்.

"சூப்பர் சார். இதே மாதிரி மூணு வருஷத்துக்கு முந்தின பொட்டாசியம் ஃபைலையும் ஒருதடவை காட்டிடுங்க."

அவர் விரல் கீபோர்டின் மேலேயே நின்றது. "காட்டுங்க" என்றார் டாக்டரம்மா. நான் கை நீட்டி அடித்தேன். 65க்குப் பக்கத்தில் அவர் பெயர் வந்து உட்கார்ந்தது.

"இந்த வசதி மூணு வருஷத்துக்கு முன்னாடியும் இருந்துச்சா?" என்று டாக்டரம்மா அவரிடம் கேட்டார்.

"இருந்துச்சு."

"உங்களுக்குத் தெரியுமா?"

கொஞ்சம் முன்னால்தான் எல்லாருக்கும் தெரியும் என்று சொல்லியிருந்தார். வேறு வழியில்லை. "தெரியும்" என்றார். முகத்தில் ஈயாடவில்லை. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடையாள அட்டையை மேஜையில் வைக்கச் சொல்லி அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார்கள். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணைக்கூட எடுக்கவில்லை. இனிமேல் எவனும் அவரை நம்பி ஒரு வரி எழுதக் கொடுக்க மாட்டான்.

அங்கிருந்து நேராகச் செருப்புக் கடைக்கு ஓடினேன். அக்கா தரையில் முட்டி போட்டு, ஒரு அம்மாவின் பாதத்தை அளவுப் பலகையில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா போகும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அக்கா, அந்த வரி நீ எழுதினது இல்ல. அந்தாள் எழுதினது. நீ சேர்றதுக்கு முன்னாடியே."

அவள் வாடிக்கையாளர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். "நான் இல்லையா?" என்றாள். மறுபடியும் கேட்டாள். அழுதாள், சிரித்தாள், என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் வாய் ஓயாமல் கதையைச் சொன்னேன். லேப்டாப், கீழ்மூலை, டாக்டரம்மா, அவர் மூஞ்சி போன போக்கு என்று ஒன்று விடாமல் நடித்தே காட்டினேன். பாதியில் அவள் சிரிப்பு நின்றது எனக்கு உறைக்கவில்லை.

"இதை எப்பக் கண்டுபிடிச்சே?"

"சேர்ந்த ரெண்டாவது வாரமே! நம்ம மூளை அப்படி."

"அது எட்டு மாசம் ஆச்சே."

"ஆமா, ஆய்வு வரைக்கும் பொறுக்க வேண்டியிருந்துச்சு. அப்பதானே அவனை எல்லார் முன்னாடியும்..."

அவள் என் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"அந்தாளுக்கு நான் யாரோ ஒருத்திடி. உனக்கு நான் யாரு?"

வாசலில் யாரோ ஒருவர் பையனுக்குப் பள்ளிக்கூட ஷூ கேட்டுக்கொண்டு வந்தார். அக்கா எழுந்து அவர்களிடம் போனாள்.