நேந்திரங்காய்ப் புகை

மெக்கானிக் சுதன் என் வண்டியின் சைலன்சர் பக்கம் குனிந்து, தீபாராதனையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவதுபோல் புகையைக் கையால் அள்ளி மூக்கருகே கொண்டுவந்தான்.

"பொக கொஞ்சம் வெள்ளயா இருக்கு மாமா. மணம் ஒண்ணும் வித்தியாசமா இல்லியே."

"சிப்ஸ் வறுத்த மணம் வரல்லியா?"

"அது வருதே."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அந்தப் பாவி சிரித்துக்கொண்டே கட்டைவிரலால் பக்கத்துக் கடையைக் காட்டினான். அங்கே அடுப்பில் பெரிய சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. ஒருத்தர் நேந்திரங்காயை நேராக எண்ணெய்க்குள் சீவிக்கொண்டிருந்தார். "இங்க என்னிக்கு மாமா சிப்ஸ் மணம் இல்லாம இருந்திருக்கு?" தக்கலையில் எத்தனையோ ஒர்க்‌ஷாப் இருக்க, சரியான இடம் பார்த்துத்தான் வண்டியைக் கொண்டுவந்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வண்டி பழைய யெஸ்டி பைக். பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்றினால்தான் ஓடும். மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்த காலத்தில் வாங்கியது. அதன் புகையைப் பார்த்தே வயிற்றுக்குள் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். கறுப்பென்றால் கார்புரேட்டர், நீலமென்றால் ஆயில் கூடிவிட்டது, விடாத வெள்ளையென்றால் கியர்பாக்ஸ் ஆயில் உள்ளே கசிகிறது. கருகிய ரப்பர் மணம், கிளட்ச் தேய்ந்த மணம், எல்லாம் அத்துப்படி. ஆனால் நேந்திரங்காய் வறுத்த மணம் எந்தக் கோளாற்றிலும் சேர்த்தியில்லை. ஒரு வாரமாக, எஞ்சின் சூடேறி எங்காவது நின்றால் போதும், கல்யாண வீட்டுப் புறக்கடையில் நிற்பதுபோல் அந்த மணம் வந்து சூழ்ந்துகொள்கிறது.

சுதன் கார்புரேட்டரைக் கழுவினான். சைலன்சரில் கரி சுரண்டினான். கியர்பாக்ஸ் ஆயிலை அளந்து பார்த்தான்; ஒரு சொட்டுக் குறையவில்லை. "வண்டி நல்லாத்தான் இருக்கு மாமா. ஒங்க மூக்கத்தான் டாக்டர்ட்ட காட்டணும்" என்றான். அவன் விளையாட்டாகச் சொன்னான். எனக்கு அது விளையாட்டாக இல்லை.

எங்கள் அண்ணன் ஆறுமுகப்பெருமாளுக்கு இப்படித்தான் தொடங்கியது. வீட்டில் யாரோ கற்பூரம் கொளுத்துகிறார்கள் என்பார். ஒருத்தரும் கொளுத்தியிருக்க மாட்டார்கள். "அண்ணனுக்குச் சாமி வந்துட்டு" என்று நானே கேலி செய்திருக்கிறேன். ஒருநாள் பஸ்சுக்குள் விழுந்தார். ஸ்கேன் எடுத்தபோது மண்டைக்குள் கட்டி. அடுத்த பொங்கலுக்கு ஆள் இல்லை.

அதனால் இந்த மணத்தைப் பற்றி நான் வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை. கேட்டு, அவர்கள் 'இல்லையே' என்று சொல்லிவிட்டால்? வீட்டில் கேட்டும் பயனில்லை. என் மனைவி பகவதிக்குக் கொரோனா வந்துபோனதிலிருந்து மணமே தெரியாது. பால் திரிந்ததா, குழம்பு அடிப்பிடித்ததா, கேஸ் கசிகிறதா, எல்லாவற்றுக்கும் "ஏங்க, ஒண்ணு வந்து மோந்து பாருங்க" என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் வீட்டுக்கே மூக்கு ஒன்றுதான். அது கெட்டுப்போனால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? இதை நினைத்துத்தான் ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை, சாவை நினைத்து அல்ல. சரி, சாவையும் நினைத்துத்தான்.

மறுநாள் காலையில், ஆபீசில் ஒரு கையெழுத்து இருக்கிறது என்று அவளிடம் புளுகிவிட்டு, ஸ்கேனுக்காக நாகர்கோவிலுக்குக் கிளம்பினேன். வில்லுக்குறி தாண்டி ரோட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கத்தை அடைத்துவிட்டார்கள். வெயிலில் வரிசையாக நின்றோம். காற்று பின்னாலிருந்து அடித்தது. வந்துவிட்டது. நன்றாக முறுகிய சிப்ஸ், மஞ்சளும் உப்பும் தெளித்த பதம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தாயே, பகவதியம்மா, நான் யாருக்கு என்ன செய்தேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"அண்ணோ!"

திரும்பினேன். எனக்குப் பின்னால் ஸ்கூட்டரில் ஒரு பெண். சீட்டுக்குப் பின்னால் மீன்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். ஐஸ் உருகி ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணனுக்க வண்டி பெட்ரோல்ல ஓடுதா, எண்ணெய்ச்சட்டில ஓடுதா? நேந்திரங்கா சிப்ஸு மணம் ஆளத் தூக்குது!"

நான் வண்டியை ஸ்டாண்ட் போட்டு இறங்கி அவளிடம் போனேன். "என்ன மணம்னு சொன்ன?"

"சிப்ஸுண்ணேன்."

"நெசமாவா? ஒனக்கு மணக்குதா?"

"எனக்க மீன் மணத்தயும் தாண்டில்லா வருது. காலைல ஒண்ணும் தின்னாம எறங்கினேன், வயிறு கெடந்து வலிக்குது."

"இன்னொருக்கா சொல்லு தாயி."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணனுக்குச் சொகமில்லியா?"

"இருக்கு. நல்ல சொகமா இருக்கு" என்றேன். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். அடிக்கட்டும். அந்தப் பெண்ணின் மீன்பெட்டி, ஒழுகும் ஐஸ், கரித்தார் கொதிக்கும் நாற்றம், எல்லாம் தனித்தனியாக, சுத்தமாக என் மூக்குக்குள் வந்தன. அங்கேயே வண்டியைத் திருப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் நேரே விறகுப்புரைக்குப் போய், பெட்ரோலில் கலக்கும் ஆயில் கேனைத் திறந்து விரலை விட்டு முகர்ந்தேன். அடி சண்டாளி!

"ஏட்டி பகவதி! இந்தக் கேன்ல என்னத்த ஊத்தி வச்ச?"

அவள் அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். "ஓணத்துக்கு நேந்திரங்கா உப்பேரி வறுத்த எண்ணெய். திருப்பித் திருப்பிக் காச்சினது, இனி சமையலுக்கு ஆவாது. வாசக் கேட்டு கீச்சுகீச்சுங்குது, அதுக்குப் போடலாம்னு காலிக் கேன்ல ஊத்தி வச்சேன். ஏன், என்ன ஆச்சு?"

"அதத்தான் ஒரு வாரமா வண்டி குடிச்சிட்டிருக்கு!"

நான் சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. சிரிப்பினிடையே அண்ணனின் கற்பூரம், ஸ்கேன், மீன்காரப் பெண் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஈரக்கையை முந்தானையில் மெதுவாகத் துடைத்தாள்.

"ஒரு வாரமா இத மனசுல வச்சுக்கிட்டா எனக்கப் பக்கத்துல கெடந்தீங்க?"

"நீ பயந்திருவேன்னு..."

"எனக்கு மூக்குதான் போச்சு. நீங்க சொன்னா கேக்கக் காது இருக்குல்லா?"

கேனைக் கீழே வைத்தேன். டாங்கை வடித்துக் கழுவ வேண்டும், பிளக்கைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று வண்டியிடம் பேசுவதுபோல் முணுமுணுத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தேன்.

"இருங்க. வடிக்கதுக்கு முன்ன ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க."

"எதுக்குட்டி? எஞ்சினுக்கு ஆவாது."

"பண்ணுங்கன்னா பண்ணுங்க."

உதைத்தேன். சூடு ஆறாத வண்டி ஒரே உதையில் பிடித்தது. ரெண்டு சைலன்சரிலிருந்தும் வெள்ளைப் புகை முற்றத்தில் பரவி, செம்பருத்திச் செடியை மறைத்தது. பகவதி வண்டிக்குப் பின்னால் போய் நின்று, மூக்கைப் பொத்தியிருந்த முந்தானையை எடுத்தாள். ஆழமாக இழுத்தாள். இருமினாள்.

"ஏதாவது தெரியுதா?" என்று கத்தினேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஆமென்றா இல்லையென்றா, புகையில் எனக்குத் தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் முறுக்குங்க" என்றாள். நான் முறுக்கினேன். அவள் கண்ணை மூடி, முகத்தைப் புகைக்குக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.